துருப்பிடித்த லாரி சேஸ்: பிளேட் போடுவதா, லாங் மெம்பர் மாற்றுவதா, வண்டியையே கொடுத்துவிடுவதா?

உப்பு லாரியிலும் மீன் லாரியிலும் எஞ்சின் போவதற்கு முன்னால் சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், போய்விடும். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கம் உப்பு ஏற்றுகிறவர்களுக்கும், ராமேஸ்வரம், நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிறவர்களுக்கும் இது புதிய செய்தி இல்லை. எஃப்.சி.க்காக (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) வண்டியைப் பட்டறையில் விடும்போதுதான் பேச்சே கிளம்பும். பட்டறைக்காரர் சுத்தியலால் நாலு இடம் தட்டுவார். ஒரு இடத்தில் ணங்கென்ற சத்தம் வராமல் பொத்தென்று கேட்கும். "இங்க போயிருச்சுண்ணே, என்ன பண்ணலாம்?" என்பார்.

ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். பிளேட் வைத்து அடித்தால் போதும் என்பார் ஒருவர். கெட்ட பகுதியை மட்டும் மாற்று என்பார் இன்னொருவர். லாங் மெம்பரையே (சேஸின் இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்வரை ஓடும் நீண்ட சட்டம்) மாற்றிவிட்டால் கவலையில்லை என்பார்கள். பேசாமல் வித்துட்டு வேற வண்டி எடு என்றும் சொல்வார்கள். நாலுமே ஏதாவது ஒரு வண்டிக்குச் சரிதான். உங்கள் வண்டிக்கு எது சரி என்பதை, மேலே தெரிகிற துருவின் அளவை வைத்து முடிவு செய்ய முடியாது. துரு எந்த இடத்தில் இருக்கிறது, அந்த வண்டி இன்னும் எத்தனை வருடம் சம்பாதிக்கும் என்ற இரண்டும்தான் முடிவு செய்யும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

துரு எங்கே. லாங் மெம்பர் என்பது ஆங்கில 'C' எழுத்தைச் சதுரமாக மடித்த மாதிரி, மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, நடுவில் நிற்கும் தகடு. லோடின் வளைவைத் தாங்குவது பெரும்பாலும் மேல் கீழ் மடிப்புகள்தான். நடுத் தகட்டின் மையத்தில் அந்த விசை மிகக் குறைவு. கம்பெனிக்காரர்கள் ஓட்டைகளை எல்லாம் நடுத் தகட்டிலேயே போட்டு, மடிப்பைத் தொடாமல் விட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே நடுத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு என்றால் பதற வேண்டாம். மடிப்பின் ஓரத்தில் விரல் அகலத்துக்குத் தின்றிருந்தால் அதற்குத்தான் பதற வேண்டும்.

மடிப்பிலும் எல்லா இடமும் ஒன்றில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் கீழ் மடிப்பு இழுபடும். பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால்பகுதியில் மேல் மடிப்பு இழுபடும். இழுபடுகிற பக்கத்தில்தான் விரிசல் பிறக்கும். வால்பகுதியின் நுனிக்குப் போகப் போக விசை குறைந்துகொண்டே வரும். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) பிராக்கெட் உட்காரும் இடம், கேபினுக்குப் பின்னால் பாடி தொடங்கும் இடம், இந்த இரண்டும்தான் மிக மோசமான இடங்கள்.

எவ்வளவு இரும்பு மிச்சம். பெரிய லாரிகளில் லாங் மெம்பரின் கனம் சாதாரணமாக 6 முதல் 8 மி.மீ. இருக்கும். 7 மி.மீ. தகட்டில் பக்கத்துக்கு 1 மி.மீ. தின்றிருந்தால் மிச்சம் 5. கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணுக்கு அது வெறும் சொரசொரப்பாகத்தான் தெரியும். துருவின் பருமன் இரும்பைப் போலப் பல மடங்கு என்பதால், தடித்த செதில் இருக்கிறதே என்று இரும்பும் இருப்பதாக நம்பிவிடக் கூடாது. செதிலைத் தட்டி எடுத்துவிட்டு, ஓட்டை விளிம்பில் வெர்னியர் வைத்துப் பார்க்கலாம். அல்ட்ராசானிக் கனமானி வைத்திருக்கும் ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. துறைமுகம், தொழிற்சாலை வேலை பார்ப்பவர்களிடம் அது இருக்கும்.

எல்லோரும் கோட்டைவிடும் ஒரு இடம் உண்டு. நம் ஊர் பாடி நேரடியாகச் சேஸில் உட்காருவதில்லை. நடுவில் மரக்கட்டை அல்லது ரப்பர் போட்டு, யூ போல்ட்டால் கட்டியிருப்பார்கள். தளப் பலகையின் இடுக்கு வழியாக வடிகிற உப்புத் தண்ணீரை அந்த மரம் குடித்து வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ள மேல் மடிப்பு வருடக்கணக்கில் ஈரத்திலேயே கிடக்கும். பாடியைத் தூக்காமல் அதைப் பார்க்க முடியாது. பாடியைத் தூக்காமல் யாராவது "இவ்வளவுதான் ஆகும்" என்று எஸ்டிமேட் கொடுத்தால் அது வெறும் ஊகம்.

எத்தனை வருட ஓட்டம் மிச்சம். இரண்டு அச்சு லாரிக்கு நேஷனல் பெர்மிட் 12 வருடத்தோடு முடிகிறது. அதற்கு மேல் அச்சுள்ள வண்டிக்கு 15 வருடம். அதன் பிறகு பெரும்பாலும் மாநிலத்துக்குள் ஓட்டம்தான். நாகப்பட்டினத்திலிருந்து கேரளாவுக்கு மீன் அடிக்கிறவருக்கு இது வருமானத்தில் விழும் பெரிய அடி. எஃப்.சி.யும் முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம். 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயாக்கினார்கள். 2025 நவம்பரில் வயதுக்குத் தக்கபடி படி வைத்து மேலும் ஏற்றி, 20 வருடம் தாண்டிய லாரிக்கு 25,000 என்று அறிவித்தார்கள். உங்கள் ஆர்.டி.ஓ. இப்போது எதை வாங்குகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிற்கும் நாளும் காகிதமும். வண்டி பட்டறையில் நிற்கிற நாளுக்கும் டியூ உண்டு, காலாண்டு வரி உண்டு, டிரைவர் வேறு வண்டிக்குப் போய்விடும் அபாயமும் உண்டு. காகித விஷயத்தை மூன்றாவது வழியில் பார்க்கலாம். அங்கேதான் அது கடிக்கும்.

## வழி 1: சுரண்டி, பிளேட் வைத்து வெல்டிங் அடிப்பது

அதிகம் பேர் போகிற வழி. ரெண்டு மூணு நாளில் வண்டி வெளியே வந்துவிடும், எஃப்.சி.யும் ஆகிவிடும். என்னைக் கேட்டால், பெரும்பாலான வண்டிகளில் இது வீணாகும் பணம்.

துருவின் மேலேயே பிளேட்டை வைத்து நாலு பக்கமும் அடித்துவிட்டால், உள்ளே உப்பும் ஈரமும் மாட்டிக்கொள்ளும். உப்பளத்து உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் கலந்திருக்கும். சுத்தமான உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தூத்துக்குடி வெயிலில்கூட அது முழுதாகக் காயாது. இரண்டு தகடுக்கும் நடுவில் அது உட்கார்ந்து தின்னத் தொடங்கினால் துரு பெருத்து, பிளேட்டை வெளியே பிதுக்கும். போல்ட் போட்ட இடங்களுக்கு நடுவில் பிளேட் வயிறு தள்ளி நிற்பதைப் பழைய வண்டிகளில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது வெல்டிங். மடிப்பின் குறுக்கே நேர்கோட்டில் அடித்த வெல்டிங், அந்த இடத்திலேயே விரிசலுக்கு வழி போட்டுக்கொடுக்கும். பிளேட்டின் முனையைச் சதுரமாக வெட்டாமல் சாய்த்து வெட்ட வேண்டும். மடிப்பின் ஓரத்தில் வெல்டிங் படக் கூடாது. விரிசல் இருந்தால் அதன் நுனியில் சின்ன ஓட்டை போட்டு நிறுத்திவிட்டுத்தான் மேலே அடிக்க வேண்டும். வெல்டிங் ராடு 7018 வகையாக இருக்க வேண்டும், அதுவும் காய்ந்த ராடு. பாக்கெட்டைப் பிரித்துக் கடற்கரைக் காற்றில் போட்டு வைத்த 7018-ஐவிட மோசமான ராடு கிடையாது. எர்த் கிளாம்ப்பை வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். பி.எஸ். 4, பி.எஸ். 6 (புகை விதிப்படி வந்த புதிய தலைமுறை) வண்டி என்றால் பேட்டரியையும், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.எம்.மின் கனெக்டரையும் கழற்றாமல் யாரும் வெல்டிங் மெஷினை ஆன் செய்யக் கூடாது.

இந்த வழி சரியாக வரும் இடம்: துரு நடுத் தகட்டில் மட்டும், மடிப்பு சுத்தமாக இருக்கிறது, அல்லது இன்னும் ஒரு எஃப்.சி. வரை ஓட்டிவிட்டு வண்டியை விடப் போகிறீர்கள், ஓட்டமும் உள்ளூர் குறை லோடுதான். மடிப்பு போயிருந்தால் எவ்வளவு தடித்த பிளேட் வைத்தாலும் அது ஒப்பனை வேலைதான்.

## வழி 2: கிராஸ் மெம்பர், பிராக்கெட், வால்பகுதி மட்டும் மாற்றுவது

கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு நல்லதைப் போல்ட் போட்டு மாட்டுவது. நிறைய உப்பு லாரிகளில் துரு முதலில் தின்பது கிராஸ் மெம்பரையும் (இரண்டு லாங் மெம்பரையும் குறுக்கே இணைக்கும் சட்டம்) பின் வால்பகுதியையும்தான். தளத்திலிருந்து வடிகிற தண்ணீர் பின் பக்கம் சேருவதும், பின் கதவு வழியாக உப்புக் கொட்டுவதும் காரணம். கிராஸ் மெம்பர் கம்பெனி ஸ்பேராகவே கிடைக்கும். ரிவெட்டை கேஸ் கட்டிங்கால் உருக்கி எடுக்காமல் டிரில் போட்டு எடுத்தால் லாங் மெம்பருக்குச் சூடு ஏறாது. அந்த ஓட்டைகளில் 8.8 அல்லது 10.9 தரத்து ஹை டென்சில் போல்ட் இறுக்கமாக உட்கார வேண்டும். ஓட்டை பெரிதாகி போல்ட் ஆடினால் சேஸ் முறுக்கும்.

வால்பகுதியை வெட்டி ஒட்டுவது பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்டு. பின் பட்டையின் கடைசி பிராக்கெட்டுக்கு நன்றாகப் பின்னால், விசை குறைந்த இடத்தில் ஒட்டினால், உள்பக்கம் சேனல் கொடுத்து போல்ட் போட்டால், அது தாங்கும். அதே ஒட்டை இரண்டு அச்சுக்கு நடுவிலோ பிராக்கெட் பக்கத்திலோ போட ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே ஒட்டுவதை நான் ரிப்பேர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கே நட்டிலும் போல்ட்டிலும் வரும். துருப்பிடித்த வண்டியில் எந்த நட்டும் ஸ்பேனருக்கு அசையாது. ஏர் டியூப், ஒயரிங் கிளிப், டேங்க் பிராக்கெட், ஷாக்கிள் புஷ், யூ போல்ட் என்று ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துப் புதிதாக வாங்கத்தான் வேண்டியிருக்கும். பட்டறைக்காரர் முதல் நாள் சொன்ன தொகைக்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதுதான். முதலிலேயே இந்தச் சாமான்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

லாங் மெம்பர் நடுப்பகுதி நன்றாக இருந்து, வண்டிக்கு இன்னும் மூணு நாலு வருட ஓட்டம் இருந்தால் நான் கை காட்டுவது இந்த வழியைத்தான்.

## வழி 3: லாங் மெம்பரையே மாற்றுவது

பாடி, கேபின், எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள் எல்லாம் இறங்க வேண்டும். லாங் மெம்பரின் விலையைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா" என்று யாராவது துள்ளினால், அவரிடம் இறக்கி ஏற்றும் கூலியையும் நிற்கும் நாளையும் கேளுங்கள். செலவு அங்கேதான் இருக்கிறது. வாரக்கணக்கில் வண்டி நிற்கும். எஞ்சின் இறங்கினால் கிளட்ச் போட்டுவிடலாமே, மவுண்டிங் மாற்றிவிடலாமே என்று சேர்ந்துகொண்டே போகும். பாடியைத் தூக்கினால் தளமும் பாதி போயிருக்கும். நாமக்கல், சங்ககிரி, கரூர் பக்கம் இந்த வேலைக்குப் பழகிய பட்டறைகள் உண்டு. ஆனால் தூத்துக்குடியிலிருந்து அங்கே வண்டியைக் கொண்டுபோகிற செலவும் கணக்கில் வர வேண்டும்.

வேலை முடிந்ததும் சேஸை மூலைக்கு மூலை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துப் போகவில்லை என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடும், டயரைத் தின்னும். பத்து டயர் வண்டியில் அந்தத் தவறு எவ்வளவு விலை என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி காகிதம். சேஸ் நம்பர் குத்தியிருப்பது வழக்கமாக வலது பக்க லாங் மெம்பரில். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. நம்பர் உள்ள லாங் மெம்பரைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதமும் வேண்டும். "நம்பரை நாங்களே குத்திக் கொடுத்துடறோம்" என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். திருட்டு வண்டிகளில் செய்கிற வேலை அது. போலீஸ் பார்வையில் உங்கள் வண்டியும் அப்படித்தான் தெரியும். இரும்புக் கடையில் கிடைக்கும் பழைய லாங் மெம்பரிலும் இதே வம்பு இருக்கிறது. அதில் வேறு ஒரு வண்டியின் நம்பர் இருக்கும்.

எந்த வழியில் போனாலும், பட்டறையில் விடுவதற்கு முன்பே நம்பரைச் சுத்தம் செய்து போட்டோ எடுத்து, பென்சில் அச்சும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துரு அந்த எழுத்துகளையும் தின்னும். நம்பர் படிக்க முடியாமல் போனால் ஆர்.டி.ஓ. மூலம் மறுபடி குத்த வைப்பதற்குள் பல நடை நடக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸில் வாங்கலாமா என்று கேட்பார்கள். துரு, தேய்மானம் எதையும் பாலிசி ஏற்காது.

அப்படியானால் இதை யார் செய்யலாம்? ஆறேழு வருட வண்டி, எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கிறது, நேஷனல் பெர்மிட் இன்னும் நிறைய வருடம் இருக்கிறது, கடன் முடிந்துவிட்டது, துரு மடிப்பில் ஏறிவிட்டது. அவர் செய்யலாம். டேங்கர், கிரேன் மாதிரி மேலே உள்ள சாதனம் லாரியைவிட விலை கூடியது என்றாலும் கணக்கு வரும். 11 வருடம் ஓடிய இரண்டு அச்சு உப்பு லாரிக்கு இதைச் செய்வது வண்டி மேல் உள்ள பாசத்துக்காக மட்டுமே.

பாசத்துக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வண்டியில் மெக்கானிக்கல் பம்பு, சென்சார் கிடையாது, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூ கிடையாது. வழியில் நின்றால் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். இந்தச் சௌகரியத்தை விட்டுவிட்டு பி.எஸ். 6-க்குப் போகத் தயங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

## வழி 4: வண்டியைக் கொடுத்துவிடுவது

ஓடுகிற வண்டியாக விற்றால் விலை கூட வரும். ஆனால் வாங்குகிறவர் அடியில் படுத்துப் பார்ப்பார். பிளேட் போட்டு, கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்து விற்பவர்கள் உண்டு. அடுத்தவன் உயிர் அதில் போகும் என்பதால் அதைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

உடைக்கக் கொடுத்தால் எஞ்சின், கியர்பாக்ஸ், கிரவுன், டயருக்குத் தனி விலை, மீதி எடைக்கு. பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புதிய வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. சரக்கு வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி மாநிலங்களுக்கு இடம் தருகிறது. இரும்புக் கடைக்காரர் கையில் கூடுதலாகத் தரலாம், அந்தச் சான்றிதழைத் தர முடியாது. புது வண்டி எடுக்கிற எண்ணம் இருந்தால் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு ஆர்.சி. உடைத்த வண்டியின் விவரத்தை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இல்லாத வண்டிக்கும் காலாண்டு வரி ஏறிக்கொண்டே இருக்கும்.

புது லாரிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. முன்பு போட்ட கணக்கை வைத்துக்கொண்டு "புது வண்டி கட்டாது" என்று இருப்பவர்கள் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் எடுப்பதாக இருந்தால் கடற்கரைப் பக்கம் ஓடாத வண்டியாகப் பாருங்கள். சேஸுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பிளேட் வெல்டிங் | பகுதி மாற்றம் | லாங் மெம்பர் மாற்றம் | கொடுத்துவிடுவது |
|---|---|---|---|---|
| எப்போது சரி | நடுத் தகட்டில் மட்டும் துரு | கிராஸ் மெம்பர், வால்பகுதி போனது | மடிப்பு போனது, வண்டி இளசு | மடிப்பு போனது, பெர்மிட் முடியப் போகிறது |
| நிற்கும் காலம் | சில நாள் | ஒன்றிரண்டு வாரம் | பல வாரம் | இல்லை, ஆனால் அடுத்த வண்டி வரும்வரை வருமானமும் இல்லை |
| மறைந்த செலவு | மறுபடி அதே வேலை | நட்டு, போல்ட், டியூப் | இறக்கி ஏற்றும் கூலி, அலைன்மென்ட், டயர் | புது டியூ, ஆர்.சி. ரத்து |
| காகிதம் | சிக்கல் குறைவு | சிக்கல் குறைவு | ஆர்.டி.ஓ. முன் அனுமதி | சான்றிதழ், பதிவு ரத்து |

பணக் கணக்குக்கு ஒரு சுலபமான முறை: கூலி, சாமான், நிற்கும் நாளில் போகும் வருமானம் மூன்றையும் கூட்டி, வண்டி இன்னும் ஓடக்கூடிய மாதங்களால் வகுத்துவிடுங்கள். உதாரணத்துக்கு மொத்தம் 3 லட்சம், ஓட்டம் 30 மாதம் என்றால் மாதம் 10,000. அதே 3 லட்சத்துக்கு 10 மாதம்தான் ஓட்டம் என்றால் மாதம் 30,000. இந்த எண்ணைப் புது வண்டியின் டியூவோடு வைத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு அங்கேயே பதில் தெரிந்துவிடும். ஓவர்லோடு அடிக்கிறவர்கள் மாதங்களைக் குறைத்துப் போட வேண்டும். 2018-க்கு முந்தைய பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடைக்கு ஆர்.சி.யில் 25 டன்தான் எல்லை. மெலிந்த சேஸில் அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு ரிப்பேரைப் பற்றி யோசிப்பதில் அர்த்தமில்லை.

ரிப்பேர் என்று முடிவானால் பெயின்ட்டுக்கு முன்னால் நல்ல தண்ணீரைப் பிரஷரில் அடித்து உப்பைக் கழுவுங்கள். உப்பின் மேல் அடித்த பெயின்ட் கொப்புளம் விடும். கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம் இரும்புக்குக் கொஞ்சம் உதவும், ரப்பர் புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் கெடுக்கும். தளத்தின் இடுக்கை அடைத்து, உப்புக்கு அடியில் தார்ப்பாய் விரித்தால் இதைவிட அதிகம் மிச்சமாகும்.

## டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு

துறைமுகத்தில் கன்டெய்னர் இழுக்கிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். இழுக்கும் வண்டியின் சேஸும் டிரெய்லரின் சட்டமும் வேறு வேறு. டிரெய்லர் போனால் எஞ்சின் இறங்க வேண்டியதில்லை, அச்சையும் டயரையும் எடுத்துப் புதுச் சட்டத்தில் மாட்டும் வேலைதான். அதனால் டிரெய்லரில் மடிப்பு போயிருந்தால் ஒட்டிக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுவது நல்லது. இழுக்கும் வண்டியில் ஃபிப்த் வீலுக்கு (டிரெய்லர் வந்து மாட்டும் தட்டு) கீழே உள்ள பகுதியைத் தனியாகக் கழற்றிப் பாருங்கள். கிரீஸும் மண்ணும் உப்பும் அங்கே சேர்ந்து கிடக்கும், அந்த இடத்தில்தான் முழு லோடும் இறங்குகிறது. டிரெய்லரை மாற்றும்போது பழைய டிரெய்லரின் பதிவை ரத்து செய்யாமல், அந்த நம்பரையே புதுச் சட்டத்தில் எழுதி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் சரிபார்ப்பது அந்த நம்பரைத்தான்.